இரண்டு அடி, பத்து நிமிடம்

பரீட்சை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மணியை இரண்டு அடி அடிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஓர் அடி. நேரம் முடிந்ததும் கை ஓயும்வரை நீள அடி. மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பியூனாக இருபத்தாறு வருடமாக இதைத் தவறாமல் செய்து வருகிறேன். இது தவிர என் வாழ்க்கையில் நேரத்துக்கு நடந்த காரியம் ஒன்றைச் சொல் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு அடி விழுந்ததும் ஹாலில் என்ன நடக்கும் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் குனிந்திருப்பார்கள். வாசலில் நிற்கிற எனக்குத் தெரியும். எல்லாப் பேனாவும் ஒரே சமயத்தில் வேகம் பிடிக்கும். தகரக் கூரையில் மழை வலுப்பது போல ஒரு சத்தம். யாரோ இரண்டு மூன்று பேர் மட்டும் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்தவர்களாக இருக்கும், அல்லது ஒன்றுமே எழுதாதவர்களாக இருக்கும். முகத்தை வைத்துப் பிரிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

அந்தக் கல்லூரிக்கு நான் முதலில் போனது மணி அடிக்க அல்ல. பி.காம். படிக்க. வரிசை எண் நாற்பத்திரண்டு. தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த அப்பா, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்தவர், தன் மேல் வாடை அடிக்கும் என்று அலுவலக ஜன்னலுக்கு நாலடி தள்ளியே நின்றார். அங்கிருந்து கையை மட்டும் எட்டி நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இரண்டாம் வருட மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார். பதினோரு நாள்தான் இருந்தார்.

படிப்பை விடுகிறேன் என்று சொல்லப் போன இடத்தில் தலைமை கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பியூன் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று இந்தியில் கேட்டார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் கேட்டார். விலகல் கடிதத்தையும் வேலை விண்ணப்பத்தையும் ஒரே மேஜையில், ஒரே பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. என் வகுப்புக்கும் நான்தான் கொண்டுபோனேன். நாற்பத்திரண்டாவது வரியில் என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. மறு வருடம் என் வகுப்பு முழுவதும் இறுதிப் பரீட்சை எழுத உட்கார்ந்தபோது, தட்டில் தண்ணீர் டம்ளர்களை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். சிலர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்கள். சிலர் பார்க்காமலே எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் நான் கோமாளி ஆனேன். “குடிங்கப்பா, குடிங்க, பதிலெல்லாம் தண்ணிக்குள்ளதான் கெடக்கு” என்றேன். ஹால் சிரித்தது. சிரிக்கிற ஆளுக்குப் பரிதாபப்பட நேரம் கிடைக்காது என்று கண்டுகொண்டேன். அந்த ஒரு தந்திரத்தை வைத்தே இத்தனை வருடம் ஓட்டியாயிற்று.

ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் மிஞ்சிய வினாத்தாள்களை எடுத்துவந்து, லேபர் கேம்ப் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். என் இங்கிலீஷ் அப்படி வளர்ந்ததுதான். பொருளாதாரம், வணிகச் சட்டம், நிர்வாகம் எல்லாவற்றிலும் எனக்குக் கேள்விகள் தலைகீழ்ப் பாடம். பதில்தான் ஒன்றுக்கும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன், அப்போதுதான் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் மகள், போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அப்பா, இத பாரு. ஃபாரின் யுனிவர்சிட்டி. டியூஷன் ஃபீஸே இல்ல. முழுக்க ஆன்லைன். ட்வெல்த் மார்க்‌ஷீட் போதும். கர் லோ நா, சேரு!”

“ஃபீஸ் இல்லாம எவன் சொல்லிக் கொடுப்பான்? கடைசில கிட்னிய கேப்பான்.”

“உன் கிட்னிய யாரு கேக்கப்போறா? டீச்சருங்க பாதிப் பேரு சம்பளம் வாங்காம வர்றவங்களாம். புக்ஸ் எல்லாம் ஃப்ரீ.”

மூன்று நாள் பயந்துவிட்டு நான்காம் நாள் சேர்ந்தேன். கிட்னியை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வாரம் ஒரு கட்டுரை. அதற்கு மார்க் போடுவது கூடப் படிக்கிறவர்கள், அவர்கள் கட்டுரைக்கு மார்க் போடுவது நான். வாழ்நாளெல்லாம் விடைத்தாள் கட்டைச் சுமந்தவன் கையில் சிவப்புப் பேனா கிடைத்தால் என்ன ஆகும்? முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட்டேன். தயவுசெய்து ஒழுங்காக வாசித்துவிட்டு மதிப்பெண் போடவும் என்று எனக்கே நோட்டீஸ் வந்தது.

முதல் வாரம் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடும்பத்தோடு நாற்பது வருடமாக இருக்கிறேன்’ என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் எனக்கு ஆறுதல். ஒரு நர்ஸ், மனம் தளராதீர்கள் என்றார். ஒரு டாக்ஸி டிரைவர், உங்கள் விடுதலைக்காகப் பிரார்த்திக்கிறேன் என்றார். கைதிகளை வைத்து வேலை வாங்கும் முகாம் என்று நினைத்துவிட்டார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது என் பேட்டையின் பெயர், இங்கே சோறு உண்டு, டிவி உண்டு, எதிர்வீட்டுச் சண்டை இலவசம் என்று விளக்கம் எழுதினேன். அதற்குக் கீழே ஒரு பெண் இரண்டே வரி எழுதியிருந்தாள். ‘கேட்க நிம்மதி. நான் இருப்பது நிஜமான அகதி முகாம். மின்சாரம் மாலையில் மூன்று மணி நேரம் வரும், அதற்குள் படித்துவிடுவேன்.’ அதற்கு மேல் அங்கே நான் ஜோக் எழுதவில்லை. வீட்டில் நெட் வரவில்லை என்று அலுத்துக்கொள்வதையும் நிறுத்திக்கொண்டேன்.

கல்லூரியில் இதை யாருக்கும் சொல்லவில்லை. ஆறு வருடமும். வீட்டில் சோறு போல, வேலையில் மணி போல, படிப்பு ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. வாரக் கட்டுரைகளும் வீட்டிலிருந்தே எழுதும் பரீட்சைகளுமாகப் பெரும்பாலான பாடங்களைக் கடந்துவிட்டேன். கடைசியில் இரண்டு பாடத்துக்குக் கண்காணிப்போடு பரீட்சை. லேப்டாப் கேமரா முன்னால் தனி ஆளாக உட்கார வேண்டும். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் வரக்கூடாது, பேச்சுக் குரல் கேட்கக்கூடாது, எழுந்து போகக்கூடாது.

எங்கள் சந்தில் பகலில் கதவைச் சாத்தினால் அந்த வீட்டில் ஒன்று சாவு, இல்லை சண்டை. முதல் பரீட்சைக்கு நான் கதவைச் சாத்தியதும் ஆள் கூடிவிட்டது. என் மனைவி வாசலில் காவல் நின்று, “சும்மா இருங்க, அவுக பரீச்ச எழுதுதாக” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தில் இருந்த அத்தனை பேரும் என் மேல் பாசமாக, ஒருவரையொருவர் “உஷ்ஷ்ஷ்!” என்று அடக்கினார்கள். நாற்பது பேர் சேர்ந்து போடுகிற உஷ்ஷைப் போல ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. பாஸ் ஆனேன். ஆனால், அறைக்கு அருகில் ஆட்கள் இருந்ததாக எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை விதி மீறினால் பாடமும் போகும், நானும் வெளியே.

மிச்சம் ஒரே ஒரு பாடம், வணிகச் சட்டம். அதில் தேறினால் பட்டம். மும்பையில் சத்தமில்லாத ஓர் அறை எனக்கு எங்கே கிடைக்கும்? ஒன்றே ஒன்று இருந்தது. எழுதாத விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைக்கும் கல்லூரி ஸ்டோர் ரூம். சாவி என் இடுப்பில். விடுமுறையில் அனுமதி இல்லாமல் அதைத் திறக்கக்கூடாது என்ற விதியும் எனக்குத் தெரியும். அந்த விதி எழுதிய தாளைச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாட்ச்மேன் பய்யாவிடம் கணக்கெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மகளின் லேப்டாப், போனிலிருந்து நெட். கேள்விகளைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் பழைய சிநேகிதர்கள். இந்த முறை பதிலும் தெரிந்தது. அப்படி எழுதினேன்.

திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் ‘பத்து நிமிடம்’ என்று சிவப்பாக மாறியது.

நான் எழுந்தேன். கதவைத் திறந்தேன். தாழ்வாரத்தில் இருபது தப்படி நடந்தேன். ஆணியில் தொங்கிய மரச் சுத்தியலை எடுத்து, வெண்கல மணியை இரண்டு அடி அடித்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் மூளை அந்த இடத்தில் இல்லை. இரண்டாவது அடியின் ரீங்காரம் காலிக் கட்டிடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் வந்து சேர்ந்தது. சுத்தியலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். வாசல் பக்கமிருந்து பய்யா மணல் வாளியோடு ஓடிவருகிறார்.

“ஆக் லகீ க்யா? கஹாங் லகீ?”

தீ எங்கே பிடித்தது என்று கேட்கிறார். என் நெஞ்சில் என்று இந்தியில் எப்படிச் சொல்வது? திரும்பி ஓடினேன். திரையில் கேள்விகள் இல்லை. ‘நீங்கள் இருக்கையை விட்டு வெளியேறியதால் தேர்வு நிறுத்தப்பட்டது. ஐந்து நாளுக்குள் விளக்கம் தரவும். உறுதிப்படுத்தக்கூடிய பொறுப்பான ஒருவரின் கையெழுத்து தேவை.’

வீட்டுக்குப் போனேன். மனைவி முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

“என்னங்க, கேள்வி கஷ்டமா?”

“சுலபம். நடுவுல எந்திச்சுப் போயிட்டேன்.”

“ஏன் எந்திச்சிய?”

“மணி அடிக்க.”

“ஞாயித்துக்கெழமயா? யாருக்கு?”

“எனக்குத்தான்.”

முதலில் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்பு நிற்காமல் போவதைப் பார்த்துத் தன் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அன்று மாலைக்குள் ஏழு விளக்கம் தயாரித்தேன். வயிற்றுப்போக்கு. பாம்பு. நில அதிர்வு. மாட்டுங்காவுக்கு மட்டும் வந்த நில அதிர்வு. ஒவ்வொன்றையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“உள்ளத எழுதுனா என்ன?”

“உள்ளத எழுதுனா கையெழுத்து வேணும் பிள்ள. காலேஜ்ல யார்ட்டயாவது சொல்லணும். ஸ்டோர் ரூம தொறந்தது தெரிஞ்சா வேலைக்கே உல வச்சிருவாக.”

“பொய்ய எழுதுனா?”

“வேல இருக்கும்.”

அவள் கத்தியை வைத்துவிட்டாள். “பட்டம் பொய்ல வந்தா என்னத்துக்குங்க? ஆறு வருசம் தூங்காமக் கெடந்தது அதுக்கா?”

இரவெல்லாம் தைரியமாக இருந்தேன். காலையில் சீருடையை மாட்டியதும் தைரியம் போய்விட்டது. சியான் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். கல்லூரி வாசலில் பய்யா என்னைப் பார்த்து வாளியைத் தூக்கிக் காட்டினார். துணை முதல்வர் அறைக்கு முன்னால் நின்று, தேவையில்லாமல் மூன்று முறை ஷூவைத் துடைத்தேன்.

துணை முதல்வர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆள் இல்லாதபோது என்னிடம் தமிழில் பேசுவார். ஒரு காலத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. அது அவருக்கு ஞாபகம் இல்லை என்றுதான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவர் இங்கேயே ஆசிரியராக வந்த நாளிலிருந்து நான் மேடம் என்பேன், அவர் நீங்கள் என்பார்.

மகளின் உதவியோடு இங்கிலீஷில் எழுதிய விளக்கத்தை மேஜையில் வைத்தேன். வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

“ஸ்டோர் ரூமுக்குள்ள எப்படிப் போனீங்க?”

“சாவி என்ட்டதான மேடம் இருக்கு.”

“நான் கேட்டது அது இல்ல.”

“அனுமதி இல்லாமத்தான் போனேன். தப்புதான்.”

“ஆறு வருஷமா படிக்கறீங்க. இந்த பில்டிங்ல ஒருத்தருக்கும் தெரியாதா?”

“சொன்னா சிரிப்பாங்க மேடம்.”

“எப்பவும் எல்லாரையும் சிரிக்க வைக்கறது நீங்கதானே?”

“அது நானா வைக்கிறது மேடம். அவங்களா சிரிச்சா வேற.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, “நாப்பத்திரண்டு” என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

“நான் நாப்பத்துமூணு. அட்டெண்டன்ஸ் கேட்லாக்ல உன் பேருக்குக் கீழ என் பேரு. அந்தச் சிவப்புக் கோடு கொஞ்சம் இறங்கி என் பேரோட முதல் எழுத்தையும் தொட்டிருக்கும். தினம் பாத்திருக்கேன்.”

என்னிடம் அப்போது ஒரு ஜோக்கும் இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

“கடைசிப் பரீட்சைல நீ தண்ணி கொண்டுவந்தே. வாங்கிண்டேன். நிமிர்ந்து பாக்கலை. பாத்தா எழுத முடியாதுன்னு தோணித்து. அப்பறம் எப்பவும் பாக்கலை.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நீ, பழையபடி நீங்கள் ஆயிற்று.

“அனுமதி இல்லாம ரூமைத் திறந்ததுக்கு மெமோ தரேன். ஃபைல்ல போகும். அதை விட முடியாது. இந்தக் கடிதத்துல எழுதியிருக்கறது உண்மை. அதுக்குக் கையெழுத்துப் போடறேன். அது வேற, இது வேற.”

மெமோவையும் கடிதத்தையும் ஒரே மேஜையில், ஒரே பேனாவால் எழுதிக் கொடுத்தார். கூடவே, ஞாயிற்றுக்கிழமை மணிச் சத்தம் கேட்டு வாளியோடு ஓடியதாக பய்யாவிடமும் ஒரு வாக்குமூலம் வாங்கினார். ‘தீ எதுவும் காணப்படவில்லை’ என்று அதில் ஒரு வரி.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் போனை நான் எடுத்ததைவிட அது என்னை எடுத்தது அதிகம். காய்கறி வாங்கத் தாதருக்குப் போய், வாங்காமல் திரும்பினேன். ஒரு நாள் ஐந்தாம் பீரியட் மணியை நான்காம் பீரியடிலேயே அடித்து, முழுக் கல்லூரியையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, ஒரே ஒரு முறை மறுதேர்வு, எக்காரணம் கொண்டும் இருக்கையை விட்டு எழுந்தால் அதோடு முடிந்தது.

துணை முதல்வர் எழுத்து மூலமான அனுமதியோடு தரைத் தளத்தில் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார். ஞாயிறு காலை அவரே வந்து கதவைத் திறந்துவிட்டார். “நாப்பத்திரண்டு, உள்ள போங்க” என்றார். “பிரசென்ட், மேடம்” என்றேன். இருவரும் சிரிக்கவில்லை.

என்னை நான் நம்பவில்லை. என் காலை அறவே நம்பவில்லை. கூடுதல் தாள்களை விடைத்தாளோடு சேர்த்துக் கட்ட மாணவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளை நூலை எட்டு மடிப்பாக முறுக்கி, வலது காலை நாற்காலிக் காலோடு கட்டினேன். தேர்வு தொடங்கும் முன் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். மேஜைக்குக் கீழே காட்டியபோது கண்காணிக்கிற பெண் நிறுத்தச் சொன்னார்.

காலில் அது என்ன?

நூல்.

எதற்கு?

நான் எழுந்து போகாமல் இருப்பதற்கு.

அந்தப் பக்கம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, தொடங்கலாம் என்றார்.

கடைசிக் கேள்வி, வேலையின் போக்கில் ஊழியர் செய்கிற காரியத்துக்கு அமர்த்தியவர் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பது. இதைப் பற்றி எனக்குச் சொந்த அபிப்பிராயங்கள் நிறைய இருந்தன. அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். மூலையில் கடிகாரம் சிவப்பானது. பத்து நிமிடம். வலது தொடை தானாக இறுகியது. நூலும் இறுகியது. உட்கார்ந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது வெளியே மணி அடித்தது. ஓர் அடி, இரண்டு அடி. எனக்காக யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்து முடிப்பதற்குள் மூன்று, நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. நீள அடி. நீள அடி என்றால் முடிந்துவிட்டது, பேனாவைக் கீழே வை. என் கை ‘சமர்ப்பி’ என்ற பொத்தானுக்கு மேல் போய்விட்டது. இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தத்துக்கு மறுபேச்சு இல்லை. மணியை நம்புவதா, கடிகாரத்தை நம்புவதா? வாழ்க்கையில் முதல் முறையாக மணியை நம்பாமல் இருந்தேன். ஒன்பது நிமிடம் இருபது விநாடி மிச்சம் இருந்தது. எழுதினேன்.

பாஸ் ஆகிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஆனால் இந்தக் கதையைக் கேட்கிற என் மனைவி கடைசி வரை காத்திருக்க மாட்டாள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெமோ ஃபைலில் அப்படியே இருக்கிறது.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் துணை முதல்வர் சுத்தியலோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பய்யா, வாளியோடு.

“பத்து நிமிஷத்துக்கு அடிச்சேன். சரியா இருந்ததா?”

“தப்பு மேடம். நீங்க அடிச்சது முடியற மணி.”

“ஐயோ! தொந்தரவு பண்ணிட்டேனா?”

“இல்ல மேடம். எழுதிட்டேன்.”

“எப்படி அடிக்கணும்?”

சுத்தியலை வாங்கிக் காட்டினேன். இரண்டே அடி, நடுவில் ஒரு மூச்சு அளவு இடைவெளி. அவர் காது கொடுத்துக் கேட்டார். ரீங்காரம் அடங்கியது. பிறகு அவர்தான் குனிந்து பார்த்து, “கால்ல என்ன அது?” என்றார். அறுத்த நூலின் மிச்சம் இன்னும் கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.